ஹார்டு டிஸ்க் திறக்கலையா? பதறாதீங்க!



இந்த மாதச் சுவரிதழில் அறிவியல் பக்கத்துக்கு என்னை எழுதச் சொன்னாங்க டீச்சர். எரிமலை, சூரிய கிரகணம் என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மே மாத லீவில் நான் செய்த ஒரு தப்பு இன்னும் மனசில் முள் மாதிரி குத்திக்கிட்டே இருக்கு. அதனால் அதையே எழுதுகிறேன். என்னைத் திட்டிக்கொண்டே படித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படிங்க. உங்க வீட்டுப் போட்டோக்களைக் காப்பாற்ற உதவும்.

நடந்தது என்ன?

என் மாமா பென்னாகரம் பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். லீவு விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். லேமினேஷன் போடுவேன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டுவேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தார். மொத்தம் 1,860 படம். திங்கட்கிழமை எல்லாவற்றையும் கேமரா மெமரி கார்டிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்கு ஏற்றினார். (ஹார்டு டிஸ்க் என்றால் யு.எஸ்.பி. வயரில் சொருகுவோமே, கையடக்கமான கறுப்பு டப்பா, அது.)

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா டீ குடிக்கப் போயிருந்தார். எனக்குப் பென்டிரைவில் பாட்டு ஏற்ற ஆசை. சொருக இடம் இல்லை. ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. நான் பாட்டுக்கு வயரைப் பிடுங்கிவிட்டேன். பாட்டு ஏற்றி முடித்துத் திரும்பச் சொருகினால் டிஸ்க் திறக்கவே இல்லை. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்யணும், செய்யட்டுமா?" என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது.

மவுஸ் அந்தப் பட்டன் மேலேயே நின்றது. அமுக்கினால் சரியாகிடும்னு ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் ஏழாம் வகுப்பில் டீச்சர், "ஃபார்மேட்னா சிலேட்டை அழிக்கிற மாதிரி" என்று சொன்னது ஞாபகம் வந்தது. கேன்சல் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கெட்ட காரியம் என்ன தெரியுமா? மாமாவிடம் சொல்லவில்லை. பயம். வயரைக் கழற்றி, டிஸ்க்கை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். புதன்கிழமை வயிற்று வலி என்று சொல்லி ஸ்டுடியோ பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் மாமா ஒரு காதுகுத்து விசேஷத்துக்குக் கிளம்பினார். கல்யாணப் படம்தான் டிஸ்க்கில் இருக்கிறதே என்று மெமரி கார்டை ஃபார்மேட் பண்ணிவிட்டு, அதிலேயே காதுகுத்துப் படம் முழுக்க எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கல்யாணப் பொண்ணோட அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். தாடி, சிவந்த கண். "எங்கப்பா முந்தாநாள் ராத்திரி நெஞ்சு வலியில் தவறிட்டாருங்கண்ணா. கல்யாணத்தில் எடுத்த படத்தில் ஒண்ணைப் பெருசாப் போட்டுக் குடுங்க, மாலை போடணும்" என்றார். நான் அப்போது அங்கேதான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தேன்.

மாமா டிஸ்க்கைச் சொருகினார். அதே கட்டம் வந்தது.

மாமாவோட நண்பர் ஒருத்தர் போனில், "ஃபார்மேட் குடுத்துடு, அப்புறம் சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்" என்றார். மாமா மவுஸைப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "மாமா, அமுக்காதீங்க! நான்தான் செவ்வாய்க்கிழமை வயரைப் பிடுங்கினேன்" என்று அழுதுவிட்டேன்.

மாமா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கே சொல்லியிருந்தா எல்லாப் படமும் கார்டிலேயே இருந்திருக்குமே கண்ணு" என்றார். அவ்வளவுதான். அதுக்கு ரெண்டு அடி கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த வீட்டுக்கு அன்றைக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் போனில் எடுத்த படத்தைத்தான் பெரிசாக்கிக் கொடுத்தோம். அது மங்கலாக இருந்தது.

டப்பாவுக்குள்ளே என்ன இருக்கு?

பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்க. ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கும். மேலே மெல்லிய காந்தப் பூச்சு. தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதாவது ஒரு நொடிக்கு 90 சுற்று! பழைய கிராமபோன் முள் போல ஒரு சின்னக் கை தட்டின் மேல் போய்ப்போய் வரும். அதன் நுனியில் இருப்பதற்கு 'ஹெட்' என்று பெயர். அதுதான் காந்தப் புள்ளிகளைப் படிப்பதும் எழுதுவதும்.

ஹெட் தட்டைத் தொடாது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளிதான். நம்ம தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். அப்போ பார்த்துக்கோங்க! ஒரு தூசி உள்ளே போனால்கூட ஹெட்டுக்கு அது பாறாங்கல். அதனால்தான் டிஸ்க்கை வீட்டில் ஸ்க்ரூ கழற்றித் திறக்கவே கூடாது என்கிறார்கள்.

ஏன் ஃபார்மேட் கேட்கிறது?

நம்ம பள்ளி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்க. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு உண்டு. டிஸ்க்கிலும் அதே மாதிரி ஒரு பதிவேடு உண்டு. எந்த ஃபைல் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அதில்தான் எழுதியிருக்கும். நான் வயரைப் பிடுங்கிய நேரத்தில் கம்ப்யூட்டர் அந்தப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. பாதியில் கையைத் தட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. பதிவேடு கிழிந்துபோனதால் கம்ப்யூட்டருக்கு நூலகமே காலி மாதிரி தெரிகிறது. "புதுப் பதிவேடு போடட்டுமா?" என்று கேட்கிறது. அதுதான் ஃபார்மேட்.

இங்கேதான் முக்கியமான விஷயம். பதிவேடு கிழிந்தாலும் புத்தகங்கள் அலமாரியில் அப்படியேதான் இருக்கின்றன! ஃபைலை டெலீட் செய்தாலும் இதே கதைதான். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு, "இந்த இடம் காலி, யார் வேண்டுமானாலும் எழுதலாம்" என்று குறித்துக்கொள்ளும். அந்த இடத்தில் வேறு ஒன்றை எழுதும்வரை பழையது உயிரோடுதான் இருக்கும். எழுதிவிட்டால் போச்சு. மாமாவின் மெமரி கார்டில் நடந்தது அதுதான். வெறும் ஃபார்மேட் மட்டும் ஆகியிருந்தால் மீட்டிருக்கலாம். அதன் மேல் காதுகுத்துப் படங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

இன்னொன்று. விண்டோஸில் 'குயிக் ஃபார்மேட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால், 2007-ல் வந்த விஸ்டா முதல் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியமாக எழுதிவிடும். அப்புறம் எடுக்க ஒன்றுமே இருக்காது.

சேலத்தில் என்ன செய்தாங்க?

சனிக்கிழமை நானும் மாமாவும் பஸ் ஏறி சேலம் போனோம். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். தகவல் மீட்டுக் கொடுக்கும் கடையில் இருந்த அண்ணன் டாக்டர் மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்டார்.

"கீழ விழுந்துச்சா? தண்ணி பட்டுச்சா? டிக் டிக்னு சத்தம் வருதா? ஃபார்மேட் குடுத்தீங்களா? வேற சாஃப்ட்வேர் ஏதாச்சும் போட்டீங்களா?"

எதுவும் இல்லை என்று சொல்லி, நான் பண்ணினதை அப்படியே சொன்னேன். "நல்ல வேளை, உண்மையைச் சொன்னீங்க. அப்ப ஹெட் நல்லாத்தான் இருக்கும், பதிவேடுதான் போயிருக்கும்" என்றார். டாக்டரிடமும் டிஸ்க் ரிப்பேர்காரரிடமும் எதையும் மறைக்கக் கூடாது!

அவர் செய்த முறை இது:

1. முதலில் எங்க டிஸ்க்கில் எதையுமே எழுதாமல், அதை அச்சு அசலாக இன்னொரு பெரிய டிஸ்க்கில் நகல் எடுத்தார். ஃபைல் ஃபைலாக இல்லை. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை வரிசையாக. எங்க டிஸ்க் 1 டெராபைட் என்பதால் ராத்திரி முழுக்க ஓடியதாம். படிக்க முடியாத சில கட்டங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்ப வந்து முயற்சி செய்யுமாம். நாம பரீட்சையில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டுக் கடைசியில் பார்ப்போமே, அதே மாதிரி.

2. அசல் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். மற்ற வேலை எல்லாம் நகலில்தான். தப்பு நடந்தாலும் அசல் பத்திரம்.

3. கிழிந்த பதிவேட்டில் மிச்சம் இருந்ததை வைத்து முடிந்த ஃபைல்களைப் பெயரோடு எடுத்தார்.

4. பதிவேட்டில் இல்லாத படங்களுக்கு வேறு வழி. ஒவ்வொரு ஜேபெக் போட்டோவும் 'எஃப் எஃப் டி 8' என்ற அடையாளத்தோடுதான் தொடங்கும். நாம் கட்டுரையில் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி. சாஃப்ட்வேர் டிஸ்க் முழுக்க அந்தப் பிள்ளையார் சுழியைத் தேடும். கிடைத்த இடத்திலிருந்து படத்தை உருவி எடுக்கும். இந்த வேலைக்கு ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச சாஃப்ட்வேரே இருக்கிறது. கிழிந்த பதிவேட்டைச் சரி செய்ய அதோடு சேர்ந்த டெஸ்ட்டிஸ்க் உண்டு.

இப்படி உருவினால் படம் வரும், ஆனால் பெயரும் போல்டரும் வராது. எல்லாம் வெறும் நம்பராக இருக்கும்.

விண்ணிலிருந்து விழுந்த ஹார்டு டிஸ்க்

காத்திருந்த நேரத்தில் அந்த அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

கல்பனா சாவ்லாவை நமக்கெல்லாம் தெரியும். ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்தவர். தமிழக அரசு துணிச்சலான பெண்களுக்குச் சுதந்திர தினத்தன்று கொடுக்கும் விருதுக்கு அவர் பெயர்தான். 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது அமெரிக்காவின் டெக்சாஸ் வானத்தில் உடைந்து சிதறியது. அவரோடு சேர்த்து ஏழு பேரும் இறந்துபோனார்கள்.

அந்தக் கலத்தில் செனான் என்ற வாயுவைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நடந்தது. அதன் தகவல் கொஞ்சம் முன்பே ரேடியோவில் பூமிக்கு வந்துவிட்டது, மீதி ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. சுமார் ஆறு மாதம் கழித்து, வறண்டுபோன ஒரு ஏரியில் அந்த டிஸ்க் கிடைத்தது. பார்த்தால் உருகின இரும்புக் கட்டி மாதிரி. வெளிப்பக்கம் கருகி, மூடி விட்டுப்போய், உள்ளே தூசி. ஆனால் உள்ளே இருந்த தட்டுகள் வளையவில்லை. மினியாபோலிஸ் நகரில் க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் அந்தத் தட்டுகளை ரசாயனத்தில் கழுவி, புதிய டிஸ்க் ஒன்றின் உடலில் பொருத்திப் படித்தார். 99 சதவீதம் தகவல் கிடைத்துவிட்டது! அந்த ஆராய்ச்சி 2008-ல் 'பிசிக்கல் ரிவியூ இ' என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. அதே கலத்தில் இருந்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

வானத்திலிருந்து விழுந்ததே பிழைத்திருக்கும்போது நம்மது பிழைக்காதா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது.

என்ன நோய், என்ன வைத்தியம்?

உங்க டிஸ்க் திறக்கவில்லை என்றால் வரிசையாக இப்படிப் பாருங்க:

1. விளக்கே எரியவில்லை: முதலில் வயரை மாற்றுங்க. வேறு ஓட்டையில் சொருகுங்க. வேறு கம்ப்யூட்டரில் பாருங்க. பல நேரம் வயர்தான் செத்துப்போயிருக்கும்.

2. விளக்கு எரிகிறது, ஃபார்மேட் கேட்கிறது: கேன்சல் கொடுங்க. உடனே கழற்றி வைங்க. 'ரிப்பேர் செய்யட்டுமா' என்று கேட்டாலும் வேண்டாம். ரிப்பேர் என்றாலும் அது டிஸ்க்கில் எழுதத்தான் செய்யும். முதலில் நகல், அப்புறம்தான் வைத்தியம்.

3. டிக் டிக் என்று சத்தம், அல்லது கீழே விழுந்தது: திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காதீங்க. ஹெட் உடைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டைக் கீறும். தூசியில்லாத அறை உள்ள இடத்துக்குத்தான் போகணும். செலவு அதிகம் ஆகும்.

4. தண்ணியில் விழுந்தது: கரண்ட் கொடுக்கவே கூடாது. வெயிலில் காய வைக்காதீங்க, அரிசிக்குள் புதைக்காதீங்க.

5. தெரியாமல் டெலீட் ஆகிவிட்டது: அந்த டிஸ்க்கில் புதிதாக ஒன்றும் ஏற்றாதீங்க. மீட்கும் சாஃப்ட்வேரைக்கூட வேறு டிஸ்க்கில்தான் போடணும். மீட்ட படங்களையும் வேறு டிஸ்க்கில்தான் இறக்கணும். எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க் என்றால், அழித்ததை அதுவே சீக்கிரம் துடைத்துவிடும். கிடைப்பது கஷ்டம்.

சிலர் ஃபிரிட்ஜில் வை, தட்டிப் பார், குலுக்கிப் பார் என்பார்கள். கேட்காதீங்க! பதறாத காரியம் சிதறாது.

தெரியுமா?

உலகின் முதல் ஹார்டு டிஸ்க் 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் செய்தது. ஒவ்வொன்றும் இரண்டடி அகலமுள்ள 50 தட்டுகள். மொத்த எடை ஒரு டன்! ஆனால் அதில் அடங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைக்கு நாம் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு!

ஓலைச்சுவடி சொல்லும் பாடம்

நம்ம முன்னோர்களுக்கும் இதே கவலை இருந்தது. பனை ஓலையைச் செல்லும் பூச்சியும் அரிக்கும். அதனால் பழைய ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் எழுதிவைப்பார்கள். அப்புறம் பழசை ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. படி எடுக்காமலே ஆற்றில் விட்ட வீடுகளும் உண்டு என்று உ.வே.சாமிநாதையர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அவர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது ஒரே சுவடியை நம்பவில்லை. பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றில் அரித்துப்போன வரி இன்னொன்றில் கிடைத்தது. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போயின. படி இருந்தவற்றை வேறு இடத்திலிருந்து வாங்க முடிந்தது. படி இல்லாத சுவடிகள் போனது போனதுதான்.

நம்ம தர்மபுரி மாவட்டத்தில் நடுகற்கள் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக நிற்கின்றன. நம்ம போட்டோக்களுக்கு அப்படிக் கல் கிடையாது. படிதான் ஒரே வழி. போட்டோகிராபர்கள் '3-2-1' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று படி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. மூன்று முடியாவிட்டால் இரண்டாவது வைங்க. ஒரே ஒரு படி இருந்தால், அது இல்லாத மாதிரிதான்.

கடைசியில் என்ன ஆச்சு?

1,860 படத்தில் 1,774 முழுசாக வந்தன. 41 படம் பாதிதான் வந்தது. ஜேபெக் படம் மேலிருந்து கீழே வரிசையாக எழுதப்படுவதால், மேல் பாதி தெரியும், கீழே சாம்பல் நிறமாக இருக்கும். மீதி வரவே இல்லை. செலவு நாலாயிரத்து ஐநூறு ரூபாய். மாமா ஆல்பத்துக்கு வாங்கின அட்வான்ஸில் பெரும்பங்கு அதிலேயே போய்விட்டது.

நம்பராக வந்த படங்களை எல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து நானே பிரித்தேன். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி என்று தனித்தனி போல்டர். அந்த அப்பா இருக்கும் படங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். 63 படம். பந்தியில் தண்ணி ஊற்றுகிறார், யாரையோ கூப்பிடுகிறார், ஒரு படத்தில் ஓரமாக நின்று கண்ணைத் துடைக்கிறார். பொண்ணைக் கையைப் பிடித்துக் கொடுக்கும் படம் மட்டும் பாதி. முகம் தெரிகிறது. கை சாம்பலுக்குள் போய்விட்டது.

ஆல்பம் கொடுக்கும்போது நானும் மாமாவோடு போனேன். அந்த அக்காவிடம், "அந்தப் படம் என்னாலதான் போச்சுங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவங்க அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாங்க. "முகம் இருக்குதே, போதும்" என்றாங்க. எனக்குப் போதவில்லை.

இப்போது மாமா இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறார். இரண்டிலும் ஏற்றின பிறகுதான் கார்டை அழிக்கிறார். இரண்டாவது டிஸ்க் எங்க வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மாமா எனக்கே கொடுத்திருக்கிறார். பிடுங்குவதற்கு முன்னால் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து, விளக்கு மினுக்குவது நின்றதா என்று இரண்டு தடவை பார்க்கிறேன்.

தோழர் தோழியரே, டிஸ்க் கெட்டால் ஃபார்மேட் கொடுக்காதீங்க. நீங்க கெடுத்திருந்தால் அன்றைக்கே சொல்லிடுங்க. திட்டு ஒரு நாளோடு போய்விடும்.



— 9-ஆம் வகுப்பு மாணவி